பதிலளித்தவர் எண் பதினேழு

முப்பத்தெட்டு வயதில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். முதல் பருவத்திலேயே 'ஆர்கனைசேஷனல் பிஹேவியர்' என்று ஒரு பாடம். சுருக்கமாக ஓ.பி. என்போம். "ஓபி அடிக்கறதுக்கெல்லாம் பரீட்சை வெக்கிறாங்களா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். "உங்களுக்கு எழுதாமலேயே பாஸ் போட்டுடுவாங்க" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய் வேண்டிய நேரத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மரக்காணத்தில் உப்பு முதலாளி ஒருவரின் அலுவலகத்தில் எனக்கு வேலை. ஞாயிறு தோறும் புதுச்சேரியில் வகுப்பு. கூடப் படித்தவர்களும் நர்ஸ், பேங்க் கிளார்க் என்று என்னைப் போல வேலைக்குப் போகிறவர்கள்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதி வகுப்பு தூங்கி வழியும். கடைசிப் பருவத்தில் ப்ராஜெக்ட். உப்பளத் தொழிலாளர்களின் மனநிறைவு பற்றிச் செய்யலாம் என்று முதலாளியிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா செய்யுங்கம்மா. முடிஞ்சதும் ஆபீசுக்கு ஒரு காப்பி குடுத்துடுங்க" என்றார்.

முப்பது பேரிடம் கேள்வித்தாளோடு போனேன். பலருக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டி, நானே டிக் போட்டேன். பக்கத்தில் மேஸ்திரி குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஆபீஸ்காரி கேட்டால் எவர் வாய் திறப்பார்? முப்பது தாளிலும் 'மிகவும் திருப்தி'. புரட்டிப் பார்த்த பேராசிரியர், "இப்படி ஒரு கம்பெனி சொர்க்கத்துலதாம்மா இருக்கும். யாராவது ஒருத்தர்கிட்ட உட்கார்ந்து பேசிட்டு வாங்க" என்றார்.

அப்படிப் பேச எனக்கு ஒருவர்தான் இருந்தார். அந்த முப்பது பேரில் ஒருவரான, உப்பு சுமக்கும் அக்கா. மற்றவர்களெல்லாம் மரக்காணத்தைச் சுற்றியே குடியிருப்பவர்கள். இவர் மட்டும் பெருமுக்கல்லிலிருந்து பஸ்ஸில் வருவார். எனக்குச் சனிக்கிழமை அரை நாள். திண்டிவனம் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் திரும்புவோம். அன்றைக்கு நோட்டை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எம் பேரு வராதில்ல?"

"சத்தியமா வராதுக்கா."

அதன் பிறகு சொன்னார். "நாங்க தண்ணியே குடிக்கறதில்லம்மா. குடிச்சா ஒதுங்கணும். அந்த வெட்டவெளில எங்க ஒதுங்கறது? வேலிக்காத்தான் பொதர் வரைக்கும் போய்ட்டு வர்றதுக்குள்ள ஓபி அடிக்கறாளுங்கன்னு மேஸ்திரி கத்துவான். விடியக்காத்தால வந்தா ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் அடக்கிக்கினு இருப்போம். ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்கன்னு ரெண்டு தபா கேட்டாச்சு."

அந்த அலுவலகத்தில் எத்தனை வருடம் இருந்திருக்கிறேன்! என் மேசையிலிருந்து பத்தடியில் கழிப்பறை. ஒரு நாளும் இது எனக்குத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடுதான், அக்கா சொன்னதைப் 'பதிலளித்தவர் எண் பதினேழு' சொன்னதாக அப்படியே எழுதினேன். ரிப்போர்ட்டின் பின்னால் பதிலளித்தவர்கள் விவரம் என்று ஓர் அட்டவணை போட வேண்டும். பெயர் கூடாது என்பது விதி. நானும் போடவில்லை. எண் பதினேழு, பெண், பெருமுக்கல், சுமை வேலை, பதினாறு ஆண்டு அனுபவம் என்று மட்டும் போட்டேன். பரிந்துரைகளில் முதலாவதாகக் கழிப்பறை. வகுப்பிலேயே எனக்குத்தான் அதிக மார்க். கறுப்பு அட்டையில் தங்க எழுத்து பொறித்த பிரதியை முதலாளி மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன். ஐயோ, அன்றைக்கு எனக்கிருந்த பெருமை!

உப்பளத்தில் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவது என்று ஒன்று கிடையாது. மழைக்காலத்தில் எல்லோருக்கும் வேலை நின்றுவிடும். தை பிறந்ததும் மேஸ்திரி ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கூப்பிடுவார். கூப்பிட்டால்தான் வர வேண்டும்.

அந்தத் தையில் பாத்தி ஓரமாகக் கழிப்பறை எழும்பியது. நீலக் கதவு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து. படிப்பு முடித்த எனக்கு மேலாளர் பதவி தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். மூன்று சனிக்கிழமையாகப் பஸ்ஸில் அக்காவைக் காணவில்லை. மேஸ்திரியிடம் கேட்டேன்.

"யாரையும் நிறுத்தல மேடம். கூப்புடல, அவ்ளோதான்" என்றார். பிறகு பல்லைக் காட்டிக்கொண்டு, "மொதலாளி புக்கைக் காட்டி என்னைக் கேட்டாரு. பெருமுக்கல்லேருந்து வர்றது ஒரே ஆளுதானே" என்றார்.

யானை தன் தலையில்தான் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். நான் அடுத்தவர் தலையில் போட்டிருந்தேன். நேராக முதலாளியிடம் போனேன். அவர் கோபப்படவே இல்லை. "நீங்க எழுதினதப் படிச்சிட்டுதானேம்மா கக்கூஸ் கட்டினேன்? ஆள் கூப்புடறது மேஸ்திரி பொறுப்பு. அதுல நான் தலையிடறதில்ல" என்றார். அவர் மேசையில் என் பதவி உயர்வுக் கடிதம் கையெழுத்துக்காகக் கிடந்தது. நான் 'சரிங்க' என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் காட்டும் வாயில் கால்வாசி போதும், அங்கே காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பயம்தான், வேறென்ன.

அடுத்த ஞாயிறு பெருமுக்கல் போனேன். அக்கா யாருடைய களத்திலோ கூலிக்கு மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சாக்கைத் தட்டிப் போட்டு, "உக்காரும்மா" என்றார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் காய் ஆய்வதை நிறுத்தவில்லை.

"கக்கூஸ் கட்டிட்டாங்களாமே?"

"கட்டிட்டாங்கக்கா."

"கதவு இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"உள்ள தாப்பா?"

"இருக்குது."

"நல்லாருக்கட்டும். பொம்பளைங்க இனிமே தண்ணி குடிப்பாளுங்க" என்றார். பிறகு அந்தப் புக்கைப் பார்க்கலாமா என்று கேட்டார். பையில்தான் இருந்தது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, தங்க எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதுல நான் எங்க இருக்கறேன்?"

அட்டவணையை எடுத்து, அந்த வரியின்மேல் விரலை வைத்து வாசித்தேன். எண் பதினேழு. பெண். பெருமுக்கல். சுமை வேலை. பதினாறு ஆண்டு.

"பேரு?"

"போடலக்கா. சத்தியம் பண்ணினேனே."

அவர் தன் விரலை அந்த வரியின்மேல் கடைசி வரை நகர்த்தினார்.

"எல்லாத்தையும் போட்டுட்டு, அத மட்டும் ஏம்மா உட்டுட்ட?" என்றார்.