சித்தி அவிழ்த்த பட்டை

சித்தேரி மலையிலிருந்து, நெஞ்சுவலி வந்த சித்தப்பாவை ஆம்புலன்சில் தருமபுரிக்குக் கொண்டுபோனோம். ஸ்ட்ரெச்சரோடு அவரைப் பட்டையால் பிணைத்திருந்தார்கள்.

"பொணத்தத்தான் தம்பி இப்புடிக் கட்டுவாங்க. உசுரோட இருக்கற மனுசன எதுக்குங்க கட்டறீங்க?" என்று அழுத சித்தி, மருத்துவ உதவியாளர் ஊசி எடுக்கத் திரும்பியதும் பட்டையை அவிழ்த்துவிட்டார். நான் தடுக்கவில்லை.

அடுத்த வளைவில் எதிரே பஸ் வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். சித்தப்பா சரிந்தார். அவரைப் பிடிக்கப் பாய்ந்த உதவியாளர் கம்பியில் மோதி விழுந்தார், புருவம் கிழிந்தது. கழன்ற ஆக்சிஜன் மாஸ்க் தரையில் கிடந்தது. சித்தப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"அக்கா, மாஸ்க்க வைங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார் உதவியாளர். எடுத்து சித்தப்பாவின் முகத்தில் வைத்து அழுத்தினேன்.

"கட்டுப்பா, இறுக்கிக் கட்டு!" என்று அலறினார் சித்தி.

சித்தப்பா பிழைத்தார். உதவியாளருக்குத் தையல் போட்டார்கள். இப்போது சித்தப்பாவைப் பரிசோதனைக்குக் காரில் கூட்டிப்போகும்போதும், பின்சீட்டில் எல்லோரும் பெல்ட் மாட்டிய பிறகே வண்டியை எடுக்க விடுகிறேன். சித்திக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.