“தனியாக வருகிறாள்” என்று நான் எழுதினேன்

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் நடந்தது இது. அதற்கு நான்கு மாதம் முன்பு நாகர்கோவிலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கி, மும்பையில் ஒரு ரயில் நிலையத்து நடைமேடையில் முடிந்தது. முடிந்தது என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்குள் இன்னும் முடியவில்லை.

நான் கணக்கு ஆசிரியை. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஒரே மகள். கல்லூரி முடித்து, புகைப்படக் கலையில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இருந்தாள். விண்ணப்பத்தோடு ஒரே பொருளைப் பற்றி இருபது படங்கள் அனுப்ப வேண்டுமாம். நம் கடற்கரைகளை எடுத்தால் போதாதா என்றேன். அது ஏற்கெனவே கையில் இருக்கிறது, ஒரு பெரிய நகரம் கடலை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறது என்று எடுக்க வேண்டும், அதுவும் மழைக்காலத்தில் எடுக்க வேண்டும் என்றாள். ஒரு வாரம், மும்பை, தனியாக. சாதம் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

அதன்பிறகு நான்கு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. எங்கே சாப்பிடுவாய் என்று கேட்டால், சூரியன் எத்தனை மணிக்கு உதிக்கும் என்று பதில் சொல்வாள். மழையில் நனைந்து காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய் என்றால், கேமராவுக்கு உறை வாங்கிவிட்டேன் என்பாள். ஒரு நோட்டில் ஏழு நாளுக்கும் கட்டம் போட்டிருந்தாள். எந்த இடம், எத்தனை மணி, கடல் ஏறுமா இறங்குமா, எந்த லென்ஸ் என்று ஒன்று விடாமல் இருந்தது. முதல் நாள் விடியற்காலை மீன்பிடித் துறைமுகம். அங்கே படம் எடுக்க அனுமதி வேண்டும் என்பதால் இரண்டு மாதமாகக் கடிதம் எழுதி வாங்கிவைத்திருந்தாள். இவ்வளவு கட்டங்களில் சாப்பாட்டுக்கு ஒரு கட்டம் இல்லை. துணைக்கு யார் என்பதற்கும் இல்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். நாங்கள் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கேட்கிற கேள்வி, “அங்க நமக்கு யாரு உண்டு?” என்பதுதான். யாரும் இல்லாத ஊர் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. விசாரித்துக்கொண்டே போனால் ஒருவர் அகப்பட்டுவிடுவார். நான் முதன்முதலில் திருவனந்தபுரத்துக்கு ஒரு தேர்வு எழுதப் போனபோது, என் சித்தப்பாவின் நண்பரோடு வேலை பார்த்த ஒருவர், என்னை முன்பின் பார்த்தே இராதவர், பேருந்து நிலையத்தில் குடையோடு நின்றார். அவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. நம்ம ஊர் ஆள், அவ்வளவுதான்.

மகளுக்கு இது பிடிக்காது. அதற்குக் காரணமும் நான்தான். முந்தின வருடம் கொச்சிக்குப் படம் எடுக்கப் போனவளை ஒரு தூரத்து உறவுக்காரர் வீட்டில் தங்கவைத்தேன். மூன்று நாளில் இரண்டு நாள் அவர்கள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். சாயங்காலம் ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்களாம். சூரிய அஸ்தமனத்தை அந்த வீட்டுக் குளியலறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன் என்று வந்து சொன்னாள். ஆகவே இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

“ஆளும் வேண்டாம், சொந்தமும் வேண்டாம்மா. எனக்க பாட்டுக்குப் போயிட்டு வாரேன்.”

பெண்கள் மட்டும் தங்கும் விடுதியில் அவளே அறை போட்டாள். ரயில் சீட்டு எடுத்தாள். நான் நச்சரித்ததில் கடைசியில் மனமிரங்கி, அந்த நோட்டுப் பக்கத்தை நான் போனில் படம் எடுத்துக்கொள்ள விட்டாள். “இது உங்களுக்கு மட்டும்தான்” என்றாள். சரி என்றேன். அப்போது மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

ஒரு காலையில் ரயில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. காலி வீடு. சமையலறையில் அவள் குடித்துவிட்டு வைத்த காப்பித் தம்ளர். அதைக் கழுவக்கூட இல்லை, கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். என் மகள் இந்த ரயிலில், இந்தப் பெட்டியில், இந்த எண் படுக்கையில் மும்பை வருகிறாள். தனியாக வருகிறாள். அவளுடைய அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். இந்த விடுதியில் தங்குகிறாள், இது அவள் எண். நம்ம ஊர்க்காரர்கள் யாராவது அங்கே இருந்தால் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுடைய புகைப்படம் ஒன்றையும், அந்த நோட்டுப் பக்கத்தையும் சேர்த்தேன். ஆசிரியை அல்லவா, அனுப்புவதற்கு முன் இரண்டு தடவை படித்துப் பார்த்து ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினேன்.

பதில்கள் வரத் தொடங்கின. ஒருவர் கட்டைவிரல் காட்டினார். ஒருவர் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். ஒருத்தி, பிள்ளைக்கு வயசு என்ன, எந்தத் திருச்சபை, மாப்பிள்ளை பார்க்கிறியா என்று கேட்டாள். ஒருவர் மட்டும், மும்பையில் இருக்கிற தமிழ்க் குழுக்களுக்கெல்லாம் இதை அனுப்பிவிட்டேன், கவலைப்படாதே என்று எழுதினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. கைகூப்பும் படத்தை மூன்று முறை போட்டேன். அன்று பள்ளிக்கூடத்தில் நான் யாரையும் திட்டவில்லை.

மறுநாள் சாயங்காலம், கடைசி மணி அடித்து ஆசிரியர் அறையில் பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். மகளிடமிருந்து அழைப்பு. பின்னால் ரயில் நிலையத்து இரைச்சல்.

“அம்மா, யாரையாச்சும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னியளா?”

எனக்கு ஒரே சந்தோஷம். “ஆமா மக்ளே, ஆளு வந்தாச்சா? கொள்ளாம், ரொம்ப நல்லது. அவருகூடப் போ.”

“அவருக்க பேரு என்ன?”

“பேரு நான் கேக்கலியே.”

“உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?”

“நம்ம ஊரு ஆளாத்தான் இருக்கும் மக்ளே.”

“பேரே தெரியாத ஒருத்தருகூடயா என்னையக் கார்ல ஏறச் சொல்லுதிய?”

அவள் சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எனக்கும் பயம் வந்தது. அவள் போனை வைக்காமல் பக்கத்தில் நின்ற மனிதரிடம், அம்மா லைனில் இருக்காங்க, பேசுங்க என்றாள். ஓர் ஆண் குரல் கேட்டது. மரியாதையான குரல், நல்ல தமிழ். கார் நிறுத்தக்கூடாத இடத்தில் நிற்கிறது, ஆன்ட்டி காரிலேயே இருக்காங்க, அம்மாகிட்ட வழியில் பேசிக்கலாம் பாப்பா, நாளைக்கு விடியக்காலையிலேயே துறைமுகத்துக்குக் கிளம்பணும் இல்லையா என்றார். நாளைக்குத் துறைமுகம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என் பெயரைச் சொன்னார். அப்பா மஸ்கட்டில்தானே என்றார். மஸ்கட் என்று நான் எழுதவே இல்லை, வெளிநாடு என்றுதான் எழுதினேன். அந்த நேரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

கேமரா முக்காலி இருந்த நீளப் பையை அவர் அதற்குள் தோளில் மாட்டிவிட்டார் போலிருக்கிறது. “பையைக் கீழ வைங்க” என்று என் மகள் சொன்னது கேட்டது. அந்தக் குரலை நான் அவளிடம் அதுவரை கேட்டதில்லை. தொடர்ந்து, இங்கே ரயில்வே போலீஸ் அறையில் உங்கள் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன், நீங்களும் கூட வாருங்கள் என்றாள். அதோடு இணைப்பு அறுந்துவிட்டது.

திரும்பத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த அறிவியல் ஆசிரியை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், அதை மேசையில் வைத்துவிட்டு மறுபடியும் அழைத்தேன். யாருக்கு அழைப்பது? மும்பையில் நம்ம ஆள் யார் என்று யோசித்தேன். அந்த நிலையிலும் என் புத்தி அங்கேதான் போனது பாருங்கள்.

கடைசியில் அவளே அழைத்தாள். போயிட்டாரு என்றாள். காரை இந்தப் பக்கமாகக் கொண்டுவருகிறேன் என்று பையைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனவர் வரவே இல்லை. அவள் போலீஸ் அறையில் ஒரு பெண் காவலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பாதி இந்தியிலும் பாதி சைகையிலும் ஒன்றே ஒன்றைத் திருப்பித் திருப்பிக் கேட்டாராம். இறங்கும்போதே படுக்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டான் என்கிறாயே, அது அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் சொன்னேன். குழுவில் போட்டதைச் சொன்னேன்.

“நோட்டுப் பக்கத்தையும் அனுப்பினியளா?”

“ஆமா மக்ளே.”

போனை வைத்துவிட்டாள்.

அதன்பிறகு நான் செய்த கூத்தை என்னவென்று சொல்ல? குழுவில் ஒவ்வொருவராக அழைத்து, யார் ஆள் அனுப்பியது என்று கேட்டேன். யாரும் அனுப்பவில்லை. மும்பைக் குழுக்களுக்கு அனுப்பிய புண்ணியவானுக்கு, எந்தெந்தக் குழு என்றுகூட நினைவில்லை. போட்டதை அழித்தேன், ஆனால் அதற்குள் பிற குழுக்களுக்குப் போய்விட்டதை அழிக்க வழியில்லை. கணவரிடம் சொன்னேன். உனக்கு அறிவு இருக்கா, படிச்சவதானே என்று மஸ்கட்டிலிருந்து கத்தினார். கத்தி முடித்துவிட்டு, சற்றுப் பொறுத்து, நான் அவருக்கும் அனுப்பியிருந்த அதே செய்தியைத் தானும் அங்கே உடன் வேலை பார்ப்பவர்களின் குழுவில் போட்டதாகச் சொன்னார். நம்ம ஊர் ஆட்கள் யாருக்காவது மும்பையில் சொந்தம் இருக்கும் என்று நினைத்தாராம். அந்த ஆள் மஸ்கட் என்று சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மகள் விடுதியை மாற்றினாள். அந்தப் பெண் காவலரே இடம் சொல்லி, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தாராம். எந்த இடம் என்று கேட்டேன்.

“அதைச் சொல்ல மாட்டேம்மா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மெசேஜ் போடுதேன். அதுக்கு மேல கேக்காதீங்க.”

திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஏழு நாள் என் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. காலையில் “நல்லா இருக்கேன்”, ராத்திரி “வந்துட்டேன்”. அவ்வளவுதான். இதற்கிடையில் குழுவில் ஒருத்தி, “பிள்ளை இப்ப எந்த ஹோட்டல்ல இருக்கா?” என்று கேட்டிருந்தாள். அக்கறையாகத்தான் கேட்டாள், கெட்டவள் இல்லை. பதில் தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனோ என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. குழுவிலிருந்து வெளியே வந்தேன். அன்று சாயங்காலமே, என்ன கோபமா என்று கேட்டு ஏழெட்டு பேர் போன் செய்தார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது.

மகள் திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள், கறுத்திருந்தாள், சந்தோஷமாகத்தான் இருந்தாள். என்னிடம் சண்டை போடவில்லை. மடிக்கணினியில் படங்களைக் காட்டினாள். கடலோரச் சுவரில் ஏறி விழும் அலை, மழையில் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடும் மீன்காரி, ரயில் வாசலில் தொங்கும் ஈரக் கைகள். எனக்குப் படம் பார்க்கத் தெரியாது. ஆனாலும் நன்றாக இருந்தது என்று தெரிந்தது. நோட்டில் இருந்த இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், துறைமுகம் மட்டும் இல்லை. நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், அந்த ஆளுக்கு நாளும் நேரமும் தெரியும் என்பதால் மற்ற இடங்களுக்கு நாள் மாற்றிப் போனதாகவும், அனுமதி அந்த ஒரு நாளுக்கு மட்டும் என்பதால் அங்கே போகவே இல்லை என்றும். இரண்டு மாதம் கடிதம் எழுதி வாங்கிய அனுமதி. சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

பதினேழு படங்களோடு மூன்று பழைய படங்களைச் சேர்த்து விண்ணப்பித்தாள். இடம் கிடைத்துவிட்டது. என்னால்தான் கிடைத்தது என்று நான் நினைத்துக்கொள்ள வழியில்லை, நான் செய்ததையும் மீறிக் கிடைத்தது. இப்போது எந்த ஊருக்குப் போனாலும் எந்த ஊர் என்று மட்டும்தான் என்னிடம் சொல்கிறாள். கேட்க நாக்கு துடிக்கிறது. கேட்பதில்லை.

அந்த மனிதர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒருவேளை உண்மையிலேயே உதவி செய்ய வந்து, போலீஸ் என்றதும் பயந்து ஒதுங்கிய அப்பாவியாகக்கூட இருக்கலாம் என்று கணவர் சொல்கிறார். இருக்கலாம். அதை யோசித்து எனக்கு ஆறுதல் கிடைப்பதில்லை. ஏனென்றால் அவர் யாராக இருந்தாலும், அந்த நடைமேடையில் என் மகளுடைய பெட்டி வாசலுக்கு நேராக அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது, அவளைப் பெற்ற நான்.