அவருக்குக் கூட்டாளி உண்டு

கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றபோதுதான் என் கணவர் சரிந்து விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். வீட்டுக்கு வந்தபோது வலது கை தொங்கியது, பேச்சு இல்லை. குடிக்க வெள்ளம் வேண்டும் என்று கேட்கக்கூட வார்த்தை வராமல் கண்ணை உருட்டுவார்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் அவ்வப்போது வருவாள். மீதி நேரமெல்லாம் நான்தான். டம்ளர், கரண்டி, பழம் எல்லாவற்றையும் மேசையில் வைத்து, "இது என்ன? ப... பழம். சொல்லுங்க" என்று தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பேன். அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். கஞ்சி பாதி மிஞ்சும். மாத்திரையைத் துப்புவார். பிரஷர் இறங்கவே இல்லை. பெங்களூரிலிருந்து மகள் போனில், "விடாம செய்யும்மா" என்பாள். விடாமல்தான் செய்தேன்.

அப்போதுதான் அவருடைய கூட்டாளி வெள்ளறடையிலிருந்து பஸ் பிடித்து வரத் தொடங்கினார். இருவரும் காட்டாக்கடையில் ஒரே ஆபீஸில் இருந்தவர்கள். வேலை பார்த்த காலம் முழுக்க அந்த மனுஷருக்குக் கொடுத்த நேரம் போக மிச்சம்தான் எனக்கு. ரிட்டயர் ஆனால் இவர் எனக்கென்று இருப்பார் என்று நினைத்திருந்தேன். ரிட்டயர் ஆனபிறகும் உதியன்குளங்கரையில் டீக்கடைப் பேச்சு முடிந்துதான் வீடு.

வந்தவர் கட்டிலருகே நின்று, "எலே மக்கா, கெடந்தது போதும், எழும்பு" என்று சத்தம் போட்டார். நான் எத்தனை கெஞ்சியும் முற்றத்துக்கு வராத மனுஷன், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கார் ஷெட் வரைக்கும் நடந்தார். அங்கே பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு ஆட்டோக்காரரும் சீட்டோடு காத்திருந்தார்கள். இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம். ஒரு கை விழுந்தவர் எப்படிச் சீட்டுப் பிடிப்பார்? கூட்டாளி என் தோட்டத்திலேயே ஒரு வாழைத்தண்டை வெட்டி, நீளவாக்கில் கீறி, சீட்டுகளை அதில் செருகி இவர் முன்னால் நிறுத்தினார். எனக்கு அது தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது.

பிறகு வாரத்துக்கு நாலைந்து நாள் ஆட்டம். ஒரு மதியம் நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஆட்டத்தில் ஏலம்போல ஒருவருக்கு மேல் ஒருவர் கேள்வி கேட்கும் சத்தம். ஒருவர் பதினாறு என்றார், இன்னொருவர் பதினேழு. அடுத்து ஒரு குரல், கொஞ்சம் குழறலாக, ஆனால் முழுசாக:

"பதினெட்டு."

துருவலை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவரேதான். மற்றவர்கள் ஒன்றும் நடக்காததுபோல இருந்தார்கள். "பதினெட்டா? எனக்கு பத்தொம்பது" என்றார் கூட்டாளி, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். நான் அங்கே நிற்பதை யாரும் பார்க்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாயங்காலம் டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "இது என்ன?" அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

இன்னொரு நாள் டீ கொண்டுபோனபோது அவர் காதில் ஒரு பலா இலை தொங்கிக்கொண்டிருந்தது. தோற்றவருக்குக் குணுக்கு மாட்டுகிற வழக்கம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "சுகமில்லாத மனுஷன இப்பிடியாக்கும் கோமாளி ஆக்குறது?" என்று கூட்டாளியிடம் பாய்ந்தேன். அவர் பதறி இலையை எடுக்கப் போனார். என் கணவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். கோணிய வாயோடு சிரித்து, என்னைப் பார்த்து, "போடி" என்றார்.

நோய்க்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. டாக்டருக்கு ஆச்சரியம். "ஆரா வீட்டில் நோக்குந்நது?" என்றார். வீட்டில் யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் இடது கையை உயர்த்தி, சீட்டைத் தரையில் அடிப்பதுபோல் காட்டினார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். கஞ்சி வைத்தவள், மலம் துடைத்தவள், பக்கத்தில் நின்றேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அவரோடு பேசவில்லை. பாறசாலை நெருங்கும்போது ஒன்று மனதில் வந்து குத்தியது. நாளைக்கு நான் விழுந்தால்? மகள் வருவாள், லீவு முடிந்ததும் போவாள். எலே என்று கூப்பிட்டு எழுப்ப எனக்கு ஆருண்டு? பள்ளிக்கூடத்தில் ஒருத்தி இருந்தாள், நெய்யாற்றின்கரைக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு இவர் வீடு, இவர் அம்மா, இவர் பிள்ளை என்று அவளை விட்டாயிற்று. அவள் உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது. அதுவரை அந்தக் கூட்டாளிமேல்தான் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்திருந்தேன். இவர்மேலேயும் இருந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் ஆட்டோக்காரர் வரவில்லை. கூட்டாளி அடுக்களை வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, ஒரு ஆளு குறையுது. வாருங்க."

"எனக்கு வெளையாடத் தெரியாது அண்ணே."

"இத்தன மாசம் ஜன்னல் வழியா பாத்தியளே, அது போதும்."

அவர் பார்த்திருக்கிறார். கூச்சத்தோடு போய் உட்கார்ந்தேன். என் கணவருக்கு எதிரே, அவருடைய ஜோடியாக. குலான், அதாவது ஜாக்கிதான் அந்த ஆட்டத்தில் பெரிய சீட்டு. அது தெரியாமல் என்னிடமிருந்த ஒரே குலானை எதிராளி வெட்டும்படி போட்டுவிட்டேன்.

என் கணவர் முகம் சிவந்தது. வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. "நீ... அத... எதுக்குப் போட்ட?" என்று கத்தினார்.

ஒரு முழு வாக்கியம். "தெரியாமப் போட்டேன்" என்றேன். "தெரியாதுன்னா... கேக்கணும்" என்றார். என் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கூட்டாளியைப் பார்த்து, இவளை என்ன செய்ய என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டல் என்னிடம் ஒருநாளும் வந்ததில்லை. ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

இப்போதும் ஆள் குறைந்தால் நான் உட்காருகிறேன். அந்த நெய்யாற்றின்கரைக்காரியைத் தேடிப் பிடிக்க, அவள் அண்ணன் மகன் எங்கே இருக்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.