பாறை வளர்ந்த கதை

கல் வளரும் என்று நம்பியவன் நான். சிரிக்காதீர்கள், கையில் ஆதாரம் வைத்திருந்தேன். பென்னாகரம் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில், வீட்டுக்கு மேட்டுப்பக்கம் பத்தடி தள்ளி ஒரு பாறை. தினமும் அதில் உட்கார்ந்துதான் பல் தேய்ப்பேன். நான்கு வருடம் முன்பு கால் தரையில் நன்றாகப் பதியும். போன சித்திரையில் தொங்கியது. இந்த வயதில் என் கால் குட்டையாகியிருக்காது. அப்படியென்றால் பாறைதான் வளர்கிறது! அதன் அடிப்பாகம் வீட்டுக்குக் கீழேயும் ஓடினால்? சமையல்கட்டைத் தூக்கிவிடுமே!

அந்த நினைப்பிலேயே இருந்தபோது, உச்சி வெயிலில் 'டமார்' என்று ஒரு சத்தம். பாறையிலிருந்து தட்டுபோல ஒரு சில்லு பெயர்ந்து விழுந்திருந்தது. நான் ஒரு கையில் லுங்கியும் மறு கையில் ரேஷன் கார்டுமாகச் சாலைக்கே ஓடிவிட்டேன்.

பின்னாலேயே மனைவி வந்தாள். "என்னைய உள்ள வுட்டுட்டு கார்டத் தூக்கிட்டு வந்தீங்களா? அதுல எம் பேரு இருக்குது, அது போதும்னா?"

மறுநாள், பாறை வளர்கிறது, உடைத்தெறியுங்கள் என்று சொல்லி, கல் உடைக்கும் அம்மா ஒருவரை அழைத்துவந்தேன். அவர் விழுந்த சில்லைப் புரட்டி, அடியில் உளுத்திருந்ததை விரலால் நசுக்கினார். பருமணலாக உதிர்ந்தது.

"வெயில்ல காஞ்சி மழையில ஊறி, இது தோலு உரிஞ்சிக்கிட்டே இருக்குதுங்கண்ணா. உங்க காட்டு மண்ணே இப்பிடி உதுந்ததுதான். கல்லு தேயுது, வளரல."

"அப்ப எங் காலு ஏன் தொங்குது?"

"காலும் குட்டையாவலைங்க. மண்ணு போயிருச்சு. மண்ணப் புடிக்க இங்க கல்வரப்பு இருந்துச்சே, எங்க?"

டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று நான்கு வருடம் முன்பு ஜேசிபி வைத்துப் பிடுங்கியது நான்தான். அவர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அஸ்திவாரக் கற்கள் பல்லிளித்துக்கொண்டிருந்தன.

"பாறையையும் ஒடச்சீங்கன்னா, மேல இருந்து வர்ற தண்ணி நேரா வூட்டுக்குள்ளதாங்க."

உடைக்க வந்தவரை வைத்தே வரப்பு கட்டினேன். பெயர்ந்த சில்லுதான் முதல் கல்.

இப்போதும் கால் தொங்கத்தான் பல் தேய்க்கிறேன். பாறை ஒரு விரற்கடைகூட வளரவில்லை. அது எத்தனையோ காலமாக உதிர்ந்து சேர்த்த மண்ணை நான் நாலே மழைக்காலத்தில் ஓடையில் விட்டிருந்தேன்.