படியோரத்துச் சரிவு

“படி வெச்சீங்கன்னா, என்னையும் சைக்கிளையும் சேத்து நீங்கதான் தூக்கோணும் ரைட்டரே!”

ஆராயி போட்ட சத்தத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்த கொத்தனார் மரியஜோசப்பின் கை நின்றுவிட்டது. கரடியூர் ரோட்டுக்குக் கீழே, எஸ்டேட் ஆட்களுக்காக எண்பத்தாறில் எழும்பிய புதுக் காலனி அது. ரோட்டிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் நடைபாதை மட்டும் பாக்கி. காலனித் தலைவர் பாக்கியநாதன், எஸ்டேட்டில் கணக்கெழுதி ரிட்டையரான ரைட்டர், சிமெண்டுப் படிதான் என்று முடிவுகட்டியிருந்தார்.

ஆராயிக்கு அந்தப் பாதை வயிற்றுப்பாடு. புருஷன் செத்தபோது விட்டுப்போனது ஒரு சைக்கிள். ஓட்டத் தெரியாது. மூட்டை கட்டித் தள்ளிக்கொண்டே போய்த்தான் ஏற்காடு கடைவீதியில் ஆரஞ்சும் சௌசௌவும் விற்றாள். தலைச்சுமை தூக்கிய காலத்திலேயே கழுத்து போய்விட்டது.

“சரிவா உட்டா மழையில வழுக்கும் ஆராயி. உன் ஒரு சைக்கிளுக்காக ஊரே உழுந்து எந்திரிக்கோணுமா?” என்றார் ரைட்டர்.

நியாயமான பேச்சு. அதனாலேயே அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

“ஏனுங்க, கேஸ் அடுப்பு வாங்கிப்போட்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறீங்களே, அந்தச் சிலிண்டர் படியில தானா நடந்து வருமாங்க? இல்ல, உங்க ஊட்டம்மா இடுப்புல வெச்சுத் தூக்கியாருவாங்களா?”

நின்றவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். ரைட்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மரியஜோசப்தான் வாயைத் திறந்தார். “நடுவுல படி, ஓரமா ஒரு முழம் சரிவு. ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போங்க, எனக்கு வேலை கெடக்குது.”

அப்படியே ஆயிற்று. அந்தச் சரிவில் முதலில் இறங்கியது ரைட்டர் வீட்டுச் சிலிண்டர்தான், ஆராயியின் சைக்கிளில். ஐப்பசி மழையில் மூட்டையோடு ஏறும்போது சக்கரம் வழுக்கியது. கால் படியில் ஊன்றியிருந்ததால் தப்பினாள். அவள் கேட்டபடி முழுக்கச் சரிவாக விட்டிருந்தால் மிச்சமிருந்த பல்லும் போயிருக்கும். அதை ரைட்டரிடம் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

ஒரே தொல்லை, பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் சாக்கைப் போட்டு அந்தச் சரிவில் சறுக்கின. “தள்ளு சாமி, தள்ளு கண்ணு” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. கடைவீதி சைக்கிள் கடைக்குப் போய் மணி கேட்டாள்.

“ஏனுங்க ஆத்தா, உங்களுக்கு ஓட்டவே தெரியாது. மணி எதுக்குங்க?” என்றான் கடைக்காரன்.

“ஓட்டத்தாண்டா தெரியாது, அடிக்க நொம்ப நல்லாத் தெரியும். எடு.”

எவ்வளவு பேரம் பேசியும் அவன் இறங்கவில்லை. பதினாலு ரூபாயை எண்ணி வைத்து மணியை மாட்டிக்கொண்டு வந்தாள்.