பட்டு செக்‌ஷனில் வெறும் நெற்றி

யூனிஸுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அவள் அப்பா, சாயர்புரத்து ஞானமுத்துவுக்கும் அப்படித்தான். ஞானமுத்துவின் தங்கை, தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்ட லேயாளுக்கும் அப்படித்தான். ரயில்வேயில் வேலை கிடைத்து ஞானமுத்து தாம்பரம் வந்தபோது யூனிஸ் கைக்குழந்தை. இங்கேயே படித்தாள். மின்சார ரயில் கார் ஷெட்டில் ஃபிட்டராக இருக்கும் எலியேசரைக் கட்டிக்கொண்டு இரும்புலியூரில் குடித்தனம் போட்டாள். பத்தொன்பது வருடமாக மெயின் ரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில், முதல் மாடியில், கல்யாணப் பட்டு எடுத்துக் காட்டுகிறாள்.

அவள் பொட்டு வைப்பதில்லை. அவள் அம்மா வைத்ததில்லை, பெரியம்மாக்கள் நாலு பேரும் வைத்ததில்லை. அவர்கள் சபை வழக்கம் அது. கடைக்கும் அது தெரியும். பெரிய முதலாளி உயிரோடு இருந்தவரை யாரும் அவள் நெற்றியை நிமிர்ந்து பார்த்ததில்லை, கையைத்தான் பார்த்தார்கள். பெண்ணின் நிறத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு மூன்றே புடவை எடுத்துப் போடுவாள். அதில் ஒன்று நிச்சயம் பில்லுக்குப் போகும்.

பெரிய முதலாளி போனார், மருமகன் வந்தார், மருமகனோடு மேனேஜராகப் பத்ரி வந்தார். முப்பத்திரண்டு வயதுப் பையன். வந்த மாதமே ஒரு காகிதத்தை லேமினேட் பண்ணிச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினார். கொண்டை போட வேண்டும், பூ வைக்க வேண்டும், பொட்டு கட்டாயம்.

யூனிஸ் படித்துவிட்டுக் கேட்டாள். “பொட்டு எனக்குமா சார்?”

“பொதுவா எல்லாருக்கும்தான்க்கா. உங்களுக்குப் பார்த்துக்கலாம்.”

பார்த்துக்கலாம் என்றவர் பார்க்கவில்லை. ஆவணி முகூர்த்தக் கூட்டம் வந்துவிட்டது.

மேடவாக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீடு வந்தது. பெண்ணின் பெயர் மிருதுளா. ஐ.டி. கம்பெனியில் வேலை, கண் எல்லாம் போனில். கூட வந்த அத்தை அபிதகுஜாம்பாள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றாள். யூனிஸ் அரக்கு நிறத்தில் ஒன்றை உதறி எடுத்துப் பெண்ணின் தோளில் போட்டாள். பெண் போனைக் கீழே வைத்தாள்.

“ஐயோ, சூப்பரா இருக்கு அத்தை!”

அத்தை புடவையைப் பார்க்கவில்லை, யூனிஸின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெண்ணின் தோளிலிருந்து புடவையை இரண்டு விரலால் எடுத்து ஓரமாக வைத்தாள்.

“இது வேண்டாம். முகூர்த்தப் புடவை பார்க்கறோம். சுமங்கலியா யாராவது இருந்தா வரச் சொல்லுங்கோ.”

“அத்தை, ப்ளீஸ்,” என்றது பெண்.

“நீ சும்மா இருடி.”

யூனிஸின் காது கொதித்தது. பத்தொன்பது வருடத்தில் எத்தனை பெண்களுக்கு முந்தானை பிரித்துக் காட்டியிருப்பாள்! ரவிக்கைக்குள் கை விட்டு, செயினோடு தாலியை வெளியே இழுத்தாள்.

“நல்லா பாருங்கம்மா. இது என் தாலி. என் வீட்டுக்காரர் கார் ஷெட்ல வேலை பார்க்கிறார், காலையில இட்லி சாப்பிட்டுட்டுத்தான் போனார். நான் ஒண்ணும் தாலி அறுத்தவ இல்ல!”

அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “இதுல சிலுவைன்னா இருக்கு. இது எப்படித் தாலியாகும்?”

எதிர் கவுண்டரில் துணி பார்த்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். பத்ரி ஓடி வந்தார். கிறிஸ்தவர்களும் தாலி கட்டுவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சுற்றும் முற்றும் பார்த்து, யூனிஸுக்குப் பக்கத்தில் நின்ற கிளியம்மாளின் கையில் அரக்குப் பட்டைக் கொடுத்தார்.

“கிளியம்மா, நீங்க காட்டுங்க. யூனிஸ்க்கா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க.”

கிளியம்மாள் கடப்பேரிக்காரி. பிரித்த புடவைகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. நெற்றியில் மிளகளவு ஸ்டிக்கர். புருஷன் போய் ஏழு வருடம். அது அந்தக் கடையில் யூனிஸ் ஒருத்திக்குத்தான் தெரியும். காலையில் வரும்போது ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்வாள். வேலை முடிந்ததும் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவாள். பொட்டோடு வீட்டுக்குப் போனால் மாமியார் வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டுவாள். பொட்டில்லாமல் கடைக்கு வந்தால் நாலு பேர் விசாரிப்பார்கள், இப்போது பத்ரியும் திட்டுவார்.

அந்தக் கிளியம்மாள்தான் பெண்ணின் தோளில் அரக்குப் பட்டைப் போட்டாள்.

“இப்பதான் பார்க்க மங்களமா இருக்கு. இதையே எடுத்துக்கலாம்,” என்றாள் அத்தை.

யூனிஸ் தூணோரம் நின்று பல்லைக் கடித்தாள். உண்மையைச் சொல்லி அந்த அம்மாளின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று வெறியே வந்தது. சொன்னால் கிளியின் வேலை போகும். விழுங்கினாள்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் யூனிஸ் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

“பார்த்தியா கிளி, அந்தப் பொம்பளைக்கு எவ்வளவு திமிர்!”

“அவளை வுடு. நீ இன்னா சொன்ன?”

“நான் என்ன சொன்னேன்?”

“தாலி அறுத்தவ இல்லன்னு இழுத்துக் காமிச்சியே. பக்கத்துல நான் நின்னுகினு இருந்தேன். அப்ப நான் இன்னா, நாயா பேயா? அறுத்தவ தொட்டா துணி நாறிடும்னு அவ சொன்னா. நீ ‘அது சரிதான், ஆனா நான் அவ இல்ல’ன்ற.”

“கிளி, நான் அந்த அர்த்தத்துல...”

“எந்த அர்த்தம் வேணா வெச்சிக்கோ. நீ சொன்னது என் காதுல இன்னும் கீது.”

கிளியம்மாள் சாப்பாட்டை மூடிக்கொண்டு எழுந்து போனாள். யூனிஸுக்குச் சோறு இறங்கவில்லை. அத்தைமேல் இருந்த கோபம், பத்ரிமேல் இருந்த கோபம், இரண்டும் அப்படியே இருந்தன. அதன் மேல் தன்மேலேயே ஒரு கோபம் ஏறி உட்கார்ந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டில் சொன்னபோது எலியேசர் சிரித்தார். “என்னை உயிரோட அடக்கம் பண்ணிட்டாங்களா? நாளைக்கு லீவு போட்டுட்டு வந்து கடை வாசல்ல நிக்கட்டுமா?”

“நீங்க செத்துட்டதா நினைச்சதுல எனக்குக் கோபம் இல்ல,” என்றாள் யூனிஸ். “நீங்க செத்துட்டா நான் அந்தப் புடவையைத் தொடக்கூடாதா?”

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

மறுநாள் காலை பத்ரி கூப்பிட்டார். நாற்காலியெல்லாம் போட்டுக் கொடுத்தார்.

“யூனிஸ்க்கா, எம்.டி.கிட்ட பேசிட்டேன். பொட்டு உங்க மதத்துக்கு இல்லன்னா வேண்டாம். தாலியை மட்டும் புடவைக்கு மேல தெரியற மாதிரி போட்டுக்கங்க. சுமங்கலின்னு கஸ்டமருக்குப் புரிஞ்சா போதும். சிலுவைப் பக்கம் உள்ள திரும்பி இருக்கட்டும், அவ்வளவுதான்.”

நேற்றைக்கு முன்தினம் இதைச் சொல்லியிருந்தால் யூனிஸ் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பாள்.

“என் தாலி என்ன சார், கடை போர்டா? உள்ள கிடக்கிறது உள்ளதான் கிடக்கும்.”

“அப்போ ஒரு சின்ன ஸ்டிக்கர்...”

“வைக்க மாட்டேன்.”

“இது வியாபாரம்க்கா. கல்யாண வீட்டுக்காரங்க மனசு நோகக் கூடாது.”

“எங்க மனசு நோகலாமா? என் புருஷன் இருக்காரா இல்லையான்னு கேட்டுத்தான் துணி விப்பீங்களா? சாயம் போகுமா, ஜரிகை சுத்தமா, அதைக் கேட்கச் சொல்லுங்க, பதில் சொல்றேன்.”

“சத்தம் போடாதீங்க.”

“சத்தம்தான் போடுவேன்!”

கீழே ஸ்கூல் யூனிஃபார்ம் செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் பட்டு தொட்ட கையில் காக்கி டிரவுசரும் கட்டம் போட்ட சட்டையும் வந்தன. யூனிஸ் ராஜினாமா எழுதவில்லை. போகட்டும் என்றுதானே தள்ளுகிறார்கள், போகமாட்டேன் என்று நின்றாள். மாடியிலிருந்து பட்டுப் பெட்டியோடு இறங்குகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் பகலில் கிளியம்மாள் படியிறங்கி வந்தாள். நெற்றியில் ஒன்றுமில்லை. யூனிஸைப் பார்க்காமல், சாக்ஸ் கட்டுகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தாள்.

“என்ன கிளி?”

“ஒண்ணும் இல்ல. உன் எடத்துல என்னை நிக்க வெச்சாங்க. பெருங்களத்தூர்லேர்ந்து ஒரு கும்பல் வந்துச்சு. அதுல ஒரு ஆயா என் கையைப் புடிச்சி, ‘தீர்க்க சுமங்கலியா இருக்கணும்டி நீ’ன்னா. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியல. ஸ்டிக்கரைப் பிச்சி அந்த மேனேஜர் பில் புக்குல ஒட்டுனேன். ‘என் புருஷன் செத்து ஏழு வருஷம் ஆச்சு, இத்தினி வருஷமா நீங்க வித்த கல்யாணப் பட்டு பூரா என் கை பட்டதுதான், இன்னா பண்ணுவ’ன்னு கேட்டேன். ஆயா பாவம், பேந்தப் பேந்த முழிச்சுது.”

“எனக்காகவா பண்ணே?”

“உனக்கு இன்னாத்துக்கு? எனக்கோசரம் பண்ணேன். உன்மேல இன்னும் காண்டுதான்.”

“இருக்கட்டும். நான் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு.”

கிளியம்மாள் ஆறாம் நம்பர் சாக்ஸை எட்டாம் நம்பரோடு சேர்த்து வைத்துவிட்டுத் திரும்பப் பிரித்தாள்.

அரை மணி நேரத்தில் பத்ரியே வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. “ரெண்டு பேரும் மேல வாங்க. மூணு கல்யாண வீடு உட்கார்ந்திருக்கு, எடுத்துக் காட்ட ஆள் இல்ல. பழசெல்லாம் விட்டுடலாம். பொட்டு மட்டும்...”

“அந்த மட்டும் வேண்டாம் சார்,” என்றாள் யூனிஸ். “இப்ப எப்படி இருக்கோமோ அப்படியே வரோம்.”

“அது முடியாதுக்கா.”

“அப்ப மூணு கல்யாண வீட்டுக்கும் நீங்களே பிரிச்சுக் காட்டுங்க. உங்க நெத்தியில சந்தனம் இருக்குல்ல.”

பத்ரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படியேறினார். அவர் போகும்வரை யூனிஸ் அந்த முதுகையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, அம்மாவோடு வந்திருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் இடுப்பில் இன்ச் டேப்பைச் சுற்றினாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

“எக்கா, கொஞ்சம் மூஞ்சியை மாத்திக்கோ,” என்றாள் கிளியம்மாள். “கொழந்த பயப்படுது.”