ரூபனின் பெயருக்குப் பக்கத்தில்

‘ஒரு ஊரிலே ஒரு ராசா இருந்தாராம்’ என்றுதான் எங்கள் அம்மப்பா கதையைத் தொடங்குவார். நான் வேலை செய்யும் கடையிலே ராசா செத்த பிறகுதான் கதையே தொடங்கும். கிளிநொச்சியில், கண்டி வீதிக் கரையில், பனர் அடிக்கிற கடை. கணினிக்கு முன்னால் இருந்து கண்ணீர் அஞ்சலி வடிவமைப்பது என் வேலை. இதே மாதிரிக் கதிரையில் இருந்து முதுகு நொந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது பெரிய புதினமாக இராது. ஆனாலும் தமிழ்நாட்டுப் பாடகர் ஒருவர் காலமான அந்தக் கிழமையில், ரூபன் என்ற ஒரு ரசிகரின் பெயரைப் பனரில் போடுவதா விடுவதா என்று நாங்கள் பட்ட பாட்டை யாருக்காவது சொல்லத்தான் வேண்டும்.

உயிரோடு இருந்தவர்

பாடகர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று செய்தி வந்த மறுநாள், கடை திறக்க முன்னமே முரசுமோட்டை ஊரிலிருந்து குலம் அண்ணை தன் ஓட்டோவோடு வந்து நின்றார். ஆள் முடிஞ்சுது, பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள் என்றார். கண் சிவந்திருந்தது. நானும் ஒன்றும் விசாரிக்காமல் பத்தடிக்கு ஆறடியில் கறுப்புப் பின்னணி, ஒரு விளக்கு, ஒரு துளி கண்ணீர் எல்லாம் வைத்துப் பத்து மணிக்குள் அடித்துக் கொடுத்தேன். ஊர்ச் சந்தியில் கட்டினார்கள். பின்னேரம் பாடகரின் மகன் தொலைக்காட்சியில் வந்து, அப்பா காலமை இரண்டு இட்லி சாப்பிட்டார் என்று சொன்னார்.

பொழுதுபட முதல் பனரைச் சுருட்டிக்கொண்டு குலம் அண்ணை திரும்பி வந்தார். அவருக்கு இரண்டு கவலை. ஒன்று, சாகாத மனுசனுக்கு விளக்கு வைத்தது. மற்றது, பனரை அவிழ்க்கும்போது கமலா அக்கா வந்து நின்று, கீழே இருந்த ரசிகர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, தன் தம்பி ரூபனின் பெயர் எங்கே என்று கேட்டது. ரூபன் குலம் அண்ணையின் சினேகிதன். 2009இல் யுத்தம் முடிந்த மாதத்திலிருந்து ஆளைக் காணவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அக்கா கேட்டு முடிக்க முன்னமே குலம் அண்ணை ஓட்டோவை எடுத்துவிட்டாராம். இந்தப் பனரை எறிந்துவிடவா என்று கேட்டேன்.

“எறியாதையும் தம்பி. அவருக்குச் சுகம் வரவேணும் எண்டு பிள்ளையாருக்கு இப்பதான் தேங்காய் உடைச்சிட்டு வாறன். எண்டாலும் ஒரு பக்கமா வையும்.”

கறுப்பு முடி

அந்தத் தேங்காய் நாலு நாள்தான் தாங்கியது. பாடகர் உண்மையாகவே காலமான அன்று கடைக்கு முதல் வந்தவர் பாரூக் நானா. ஒருகாலம் முல்லைத்தீவில் கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை வைத்திருந்தவர். இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, இப்போது சைக்கிள் கடை. வாசலில் கட்ட ஒரு சின்னப் பனர் கேட்டார்.

நான் நரைத்த தாடியும் மூக்குக்கண்ணாடியுமாக அண்மைப் படம் ஒன்றை எடுத்து வைத்தேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டி, சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய கசெற் மட்டையை எடுத்தார். அதில் முத்திரை அளவில் ஒரு முகம், காதை மறைத்த சுருட்டை முடி. பெருப்பித்தால் மூக்கு எது வாய் எது என்று தெரியாது என்றேன். மனுசனுக்கு எழுபது தாண்டிவிட்டது, பார்க்கிறவர்களுக்கு ஆள் பிடிபடாது என்றும் சொன்னேன். நானா மட்டையை என் மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

“அந்தக் கிழவரை நான் கண்டதே இல்லை தம்பி. எனக்கு மௌத்தானது இந்தப் பொடியன்தான்.”

பிரான்ஸும் லண்டனும்

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அஞ்சலிப் பனரில் பெயர் போட்டால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆள் இருக்கும் இடமும் வர வேண்டும்: கனடா, சுவிஸ், ஓமந்தை. பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று இருந்தால் மட்டும் இடம் தேவையில்லை. பழைய பனர் திகதியும் பிழை, ராசியும் இல்லை என்று குலம் அண்ணை புதிது அடிக்கச் சொன்னார். பட்டியலில் பதினாலு பெயர். ஒரே மதகில் இருந்து பாட்டுக் கேட்டவர்கள் இப்போது ஏழு நாட்டில்.

மாதிரியை வட்சப்பில் அனுப்பி ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஒருவர் அழைத்துவிட்டார். தன்னைப் பிரான்ஸ் என்று போட்டிருக்கிறதாம். தான் லண்டனுக்கு மாறி எட்டு மாதமாம். பாடகரைப் பற்றி ஒரு சொல் இல்லை. சந்தியில் நின்று பார்க்கப்போவது இவரின் மாமியார் வீட்டு ஆட்கள்தானே, விட்டால் என்ன என்று எங்கள் முதலாளி முணுமுணுத்தது போனில் கேட்டுவிட்டது.

“அவைக்காகத்தானே அண்ணை சொல்லுறன். லண்டன் எண்டதைக் கொஞ்சம் பெருசாப் போட ஏலுமோ?”

பெடலைச் சுற்றியவர்

அச்சுக்குக் கொடுக்க இருந்த நேரம் கமலா அக்கா பஸ்ஸால் வந்து இறங்கினா. குலம் அண்ணையும் கடைக்குள்தான் நின்றார். இந்த முறையும் பட்டியலில் ரூபன் இல்லை. அக்கா சத்தம் போடவில்லை. திரையில் பெயர்களை மேலிருந்து கீழே வாசித்தா. பிறகு கதிரையில் இருந்து, குலம் அண்ணை அங்கே நிற்காதது போல எனக்குத்தான் சொன்னா.

“கரண்ட் இல்லாத காலம் தம்பி. சைக்கிளைக் கவிட்டு வச்சு, டைனமோவில ரேடியோ வயரைக் கொழுவி, மணிக்கணக்காப் பெடலைச் சுத்தினது என்ர தம்பி. மதகில இருந்து கேட்டது இவர். இப்ப அழுறதுக்கு மட்டும் இவர் தனியவோ?”

எந்த இடம்?

குலம் அண்ணை நிலத்தைப் பார்த்தபடி, மறந்து விடவில்லை என்றார். சண்டை முடிகிற நேரம் ரூபனோடு கடைசியாக நடந்து போனது அவர்தான். பெயரைப் போட்டால், ஆள் எங்கே என்று பார்க்கிற சனம் தன்னைத்தான் கேட்கும், தன்னிடம் பதில் இல்லை என்றார். முதலாளி, ‘அமரர்’ என்று போடலாமே என்று தொடங்கினார். அந்தியேட்டிக் கிரியை செய்யாத ஆளுக்கு அமரர் போட ஆர் சொன்னது என்று அக்கா கேட்க, அவர் எழும்பி மெசினில் மை பார்க்கப் போய்விட்டார்.

நான் ரூபனின் பெயரைத் தட்டினேன். அடைப்புக்குறியையும் தட்டினேன். பிறகு வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன், எந்த இடம் அக்கா என்று. கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். குலம் அண்ணை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா எழும்பி வந்து திரைக்குக் கிட்ட நின்று பார்த்தா.

“அந்த ரெண்டு வளைவும் இருக்கட்டும் தம்பி. நடுவில இடத்தை விடுங்கோ. தெரிய வந்தா நான் வந்து சொல்லுறன்.”

தன் பெயருக்குப் பக்கத்திலேயே போடச் சொன்னார் குலம் அண்ணை, வெளியே பார்த்தபடிதான். பனர் காயும் வரை அக்கா இருந்தா. ஓட்டோவில் ஏறச் சொன்னதற்கு, இடம் போதாது, பனர் மடியாமல் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் பஸ் தரிப்பிடம் பக்கம் நடந்து போனா. எங்கள் தொழிலில் பிழை பிடிக்கிற ஆட்களுக்கு ஒருநாளும் பஞ்சமில்லை. அந்த வெறும் அடைப்புக்குறியைப் பிழை என்று சொல்லிக்கொண்டு மட்டும் இன்றுவரை ஒருவரும் வரவில்லை.